எள்ளுத்தாத்தா கல்லறையில் எள்ளுத்தாத்தா இல்லை

எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. எள்ளுத்தாத்தா எங்கே செத்தார் என்பதுதான் வழக்கு. "கண்டிச்சீமைக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை" என்பது அத்தையின் கட்சி. "வராதவருக்கு இங்கே கல்லறை எப்படி வந்தது?" என்பது பெரியப்பாவின் கட்சி. கல்லறை இருப்பது உண்மைதான். ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வடமேற்கு மூலையில், வேலிக்கருவை மண்டிக் கிடக்கும் பழைய பகுதியில், செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு சமாதி. தலைமாட்டில் பதித்த கருங்கல் பலகையில் எள்ளுத்தாத்தாவின் பெயர் பளிச்சென்று தெரியும். தெரியாமல் என்ன செய்யும்? யாரோ அந்த ஒரு வரியை மட்டும் கறுப்புப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மிச்சக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டு, அந்த வரிக்கு மட்டும் பெயிண்ட்.

போன வருஷம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெயிண்ட் அடித்த வரிக்கு மேலேயும் கீழேயும் சுண்ணாம்புக்குள் எழுத்து இருக்கிறது. நாலைந்து தலைமுறையாக எல்லாரும் ஒரே ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். மிச்சத்தைப் படிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஐந்து மாதம் பிடித்தது.

முதலில் கல்லைத் தொடாமல் சுற்றிப் பார்த்தேன். பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டபோது அவர் சொன்ன யோசனை அது. "மொதல்ல அக்கம்பக்கம் யாரு இருக்காங்கன்னு பாருங்க. அந்தக் காலத்துல சொந்தக்காரங்களப் பக்கத்துல பக்கத்துலதான் பொதச்சிருப்பாங்க." டேப்பைப் பிடித்து அந்த மூலையில் இருக்கும் பன்னிரண்டு சமாதிகளையும் ஒரு தாளில் வரைந்தேன். எது எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது, எது செங்கல், எது வெறும் மண்மேடு, எதில் கல் இருக்கிறது என்று குறித்தேன். நம்முடையதை ஒட்டி வலப்பக்கம் இன்னொரு சமாதிக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடம் காலி. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது சுண்ணாம்பை எடுப்பது. இதில்தான் ஊரே ஆலோசகர். ஒருவர் ஆசிட் ஊற்றச் சொன்னார், இன்னொருவர் வினிகர், சித்தப்பா பையன் கம்பி பிரஷ்ஷோடு வந்து நின்றான். மூன்றையும் திருப்பி அனுப்பினேன். கருங்கல்லாவது கொஞ்சம் தாங்கும். ஆனால் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் காரை முழுக்கச் சுண்ணாம்பு. அமிலம் பட்டால் சுண்ணாம்பு பொங்கிக் கரையும். வினிகரும் அமிலம்தான், கொஞ்சம் சாது, அவ்வளவுதான். கம்பி பிரஷ் இன்னும் மோசம். கல்லில் கீறல் விழும், உடைந்து ஒட்டிக்கொண்ட கம்பித் துண்டு துருப்பிடித்துக் கறை விடும். வெட்டெழுத்தின் ஓரம் மழுங்கிவிட்டால் அப்புறம் எந்த வெளிச்சத்திலும் அதைப் படிக்க முடியாது.

நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: இரண்டு குடம் தண்ணீர், பூவாளி ஒன்று, நார்பிரஷ் ஒன்று, மூங்கில் சிம்புகள் சில. முதலில் விரல் முட்டியால் கல்லை மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் மேல்தோல் உள்ளே கழன்றிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. எங்கள் கல் கணீரென்றது. நன்றாக நனைத்து அரை மணி நேரம் ஊறவிட்டேன், மறுபடி நனைத்தேன். கழுவும்போது கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு கோடாகக் கறை பிடிக்கும். இதை நான் தெரிந்துகொண்டது, கோடு விழுந்த பிறகு.

சுண்ணாம்பு ஒரே அடுக்கு இல்லை. வெள்ளை, அதற்கடியில் நீலம் போட்ட வெள்ளை, அதற்கடியில் மஞ்சள், மறுபடி வெள்ளை. மூங்கில் சிம்பை எழுத்துக்குள் விட்டுத் தள்ளினால் பொருக்குப் பொருக்காக வரும். ஒரு காலைப் பொழுதில் மூன்று எழுத்து. அவசரப்பட முடியாது, வேறு வழியும் இல்லை. நான்கு ஞாயிறு இப்படியே போனது.

ஐந்தாவது வாரம்தான் கீழ்ப்பக்கம் வந்தேன். வந்ததும் ஒரு அதிர்ச்சி. கல்லின் அடிப்பகுதி ஒரு சாண் உயரத்துக்கு சிமெண்டுக்குள் இருக்கிறது. 1990களில் சமாதி விரிசல் விட்டபோது பெரியப்பா கொத்தனாரை வைத்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய சுண்ணாம்புக் கட்டடத்துக்கு சிமெண்ட் ஆகாது. சுண்ணாம்பு காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அடைத்துக்கொண்டுவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்பைச் சேர்த்து செங்கல்லைப் பொரிய வைக்கும். எங்கள் சமாதியில் சிமெண்டுக்கு மேல் ஒரு அடி வரை செங்கல் மாவாக உதிர்வது அதனால்தான். அதைவிட என் கவலை வேறு. சிமெண்டின் மேல்விளிம்பில் அரை எழுத்துகளாக ஒரு வரி எட்டிப் பார்த்தது. கடைசி வரி. எழுத்துகளின் மண்டை மட்டும் தெரிகிறது, உடம்பு உள்ளே.

சரி, தெரிவதைப் படிப்போம் என்று ஆரம்பித்தேன். உச்சி வெயிலில் கல்வெட்டைப் படிக்கப் போகிறவர் ஏமாந்து போவார். நேர் வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒன்றுபோலத் தெரியும். சாய்ந்த வெளிச்சம் வேண்டும். எங்கள் கல்லோ வடக்குப் பார்த்தது. மாதக் கணக்கில் வெயிலே படாது. அதனால் வீட்டிலிருந்து பீரோ கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். சித்தப்பா பையன் வெயிலில் நின்று கண்ணாடியால் ஒளியை வாங்கி, கல்லின் பக்கவாட்டிலிருந்து கிட்டத்தட்ட அதன் முகத்தைத் தடவுகிற மாதிரி அடித்தான். அதுவரை வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் எழுத்து எழும்பி நின்றது. "அண்ணே, மாயம் மாதிரி இருக்கு" என்றான். கம்பி பிரஷ்ஷை அவன் மறந்தது அன்றைக்குத்தான்.

ஒன்று கவனித்தேன். ஒளி பக்கவாட்டில் வந்தால் நெட்டுக்கோடுகள் தெரிகின்றன, படுக்கைக் கோடுகள் மறைந்துவிடுகின்றன. மேலிருந்து வந்தால் தலைகீழ். தமிழ் எழுத்து முழுக்க வளைவும் சுழியும் என்பதால் ஒரு திசை போதாது. இருட்டிய பிறகு செல்போனை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, டார்ச்சை எட்டுத் திசையிலிருந்து அடித்து எட்டுப் படம் எடுத்தேன். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் ள-வா ன-வா என்ற சந்தேகமெல்லாம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொரு வழி செலவே இல்லாதது. கல்லை நனைத்துவிட்டுக் காத்திருங்கள். மேல்பரப்பு முதலில் காயும், வெட்டுக்குள் ஈரம் கொஞ்சம் நேரம் தங்கும். அந்த ஐந்து நிமிஷம் எழுத்து மையால் எழுதியது போலக் கறுப்பாக நிற்கும்.

கல்வெட்டுக்காரர்கள் போல ஈரத் தாளை ஒட்டி அடித்து மை ஒற்றிப் படியெடுக்கவும் ஆசைதான். பழக்கமில்லாத கை, தாள் கிழிந்தால் மை கல்லில் போய்விடும். செய்யவில்லை.

எழுத்து தெரிந்தாலும் படிக்க வரவேண்டுமே. புள்ளி கிடையாது. பெரும்பாலும் மெய்க்கும் உயிர்மெய்க்கும் வித்தியாசமில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். எ, ஏ வேறுபாடும் இல்லை. குறில் நெடில் தெரியும்படி எழுத்தைத் திருத்தியவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் இறந்தது 1747இல். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து உளி பிடித்த எங்கள் ஊர்க் கல்தச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ணை, லை எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்த வடிவம். அது பரவாயில்லை, தாத்தாவின் ஜெபப் புத்தகத்தில் பார்த்துப் பழகியது.

முதல் வரி சிலுவையும் "சேசு மரி சூசை"யும். இரண்டாவது வரி பெயிண்ட் அடித்த எள்ளுத்தாத்தா பெயர். மூன்றாவது வரியில் ஏதோ ஐந்தாறு எழுத்து, அப்புறம் ஒரு பெயர் மாதிரி. நாலாவது வரியில் "வயது உயஅ". ஐந்தாவதில் "தாது", அதை அடுத்து ஒரு சுழித்த குறி, "சனவரி", இன்னொரு குறி, "உயங", மறுபடி குறி, "செவ்வாய்".

"உயங" என்னை நன்றாகச் சுற்றவிட்டது. முதல் எழுத்து தேய்ந்து உ மாதிரி ஆகிவிட்டது, உண்மையில் "செயங்" என்று ஆரம்பிக்கிறது, ஆகவே ஜெயங்கொண்டம், ஆகவே நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இப்படி ஒரு கதையைக் கட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டேன். இரண்டு வாரம் எல்லாரும் ஜெயங்கொண்டத்துக்காரர்களாக இருந்தோம். பழைய பத்திரம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டியபோது அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "இது எழுத்து இல்ல தம்பி, எண்ணு. இருபத்துமூணு."

தமிழ் எண்கள் எழுத்து மாதிரியே இருக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௩ ஏறக்குறைய ங, ௮ அப்படியே அ. எனக்குத் தெரியாமல் போனது ௰. அது பத்து, பார்க்க ய மாதிரி இருக்கும். பழைய முறையில் இருபத்துமூன்றை ௨௩ என்று எழுதாமல், இரண்டு பத்து மூன்று என்று ௨௰௩ என எழுதுவார்கள். "உயஅ" என்று நான் படித்தது ௨௰௮, வயது இருபத்தெட்டு. சுழித்த குறிகள் மூன்றும் ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ஆக, தாது வருஷம் சனவரி மாதம் 23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. தமிழ் வருஷம், இங்கிலீஷ் மாதம். அந்தக் கலவை எனக்குப் பிடித்திருந்தது. குழுவில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் இன்னொன்றையும் சொன்னார். மூன்றாவது வரியின் தொடக்கத்தைக் காட்டி, "இது பெண்சாதி." புள்ளி இல்லாமல் "பெணசாதி" என்று வெட்டியிருக்கிறது. ஐந்தாவது வரிக் கடைசியில் நான் "மரித்தான்" என்று எழுதி வைத்திருந்ததை மறுபடி எட்டுப் படத்திலும் பார்த்தேன். ள. "மரித்தாள்." இன்னாருடைய பெண்சாதி இன்னாள், வயது 28, மரித்தாள். எல்லாரும் முதல் பாதியை மட்டும் படித்து, அதற்கு மட்டும் பெயிண்ட் அடித்து, நூறு வருஷத்துக்கு மேல் புருஷனுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறோம். உள்ளே இருப்பது எள்ளுப்பாட்டி. அவள் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பெரியப்பாவிடம் சொன்னேன். "நீ சரியாப் பாத்தியா?" என்றார். அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை.

தாது வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1816, 1876, 1936. எது? எழுத்தின் அமைப்பை வைத்து ஊகிக்கலாம், ஆனால் கிழமை இருக்கும்போது ஊகம் எதற்கு? செல்போன் காலண்டரில் 1876 சனவரி 23ஐப் பார்த்தேன். ஞாயிறு. பொருந்தவில்லை. 1936இலும் செவ்வாய் இல்லை. 1816இல் செவ்வாய்தான், ஆனால் எள்ளுத்தாத்தா காலம் அவ்வளவு பழசு இல்லை. கல்தச்சர் தப்பாக வெட்டிவிட்டார் என்று முடிவுகட்டப் போனவன், ராத்திரி படுத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன். தமிழ் வருஷம் சித்திரையில்தான் பிறக்கிறது. 1876 ஏப்ரலில் தொடங்கிய தாது 1877 ஏப்ரல் வரை போகும். அதற்குள் வரும் சனவரி 1877இன் சனவரி. 1876 சனவரி என்றால் அது இன்னும் யுவ வருஷம். திருப்பிப் பார்த்தேன். 1817 சனவரி 23 வியாழன், 1937இல் சனி, 1877இல் செவ்வாய். கல்தச்சர் சரி, நான்தான் தப்பு.

1877 சனவரி என்றதும் வயிற்றில் ஏதோ செய்தது. தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தை அரித்த பஞ்சம். நிவாரண வேலைக்குப் போனவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று, பஞ்ச வேலைகளைப் பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தது இந்தக் காலத்தில்தான். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியது பஞ்ச நிவாரண வேலையாக. படித்த சேதியெல்லாம் சட்டென்று வீட்டுச் சேதியாகிவிட்டது.

இனி காகிதம். 1877க்கு சர்க்கார் பதிவைத் தேடிப் பயனில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கு இந்தியச் சட்டம் வந்தது 1886இல், அதுவும் விருப்பப்பட்டால் பதியலாம் என்ற அளவில். நாடு முழுக்கக் கட்டாயமானது 1969 சட்டத்தால். கோயில் புத்தகம்தான் கதி. ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் புத்தகம் வைக்கும்படி 1563இலேயே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் விதித்துவிட்டது, அடக்கப் புத்தகம் 1614இல் சேர்ந்தது. நல்ல வேளை. பழைய கல்லறைகளைப் பற்றி 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த பெரிய பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். நம் ஆள் அதில் இருக்க வாய்ப்பில்லை.

பழைய புத்தகங்கள் தாய்ப்பங்கில், அதாவது எங்கள் பங்கு பிரிந்து வந்த மூலக் கோயிலில் இருந்தன. சாமியார் கடிதம் கொடுத்தார், அங்கே கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அலமாரியைத் திறந்துவிட்டார். கையுறை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால் போதும் என்றார். அவர் சொன்னது சரி. துணிக் கையுறையில் தாளின் ஓரம் தட்டுப்படாது, கிழித்துவிடுவோம். குறிப்பு எழுத பென்சில் மட்டும். படம் பிளாஷ் இல்லாமல்.

புத்தகம் லத்தீனில். எழுதியவர் சேசு சபை நடத்திய மதுரை மிஷனின் பிரெஞ்சுச் சாமியார்களில் ஒருவர். 1830களின் கடைசியில் மறுபடி வந்தவர்கள் அவர்கள். நம் பெயர்களைப் பிரெஞ்சு காதால் கேட்டு எழுதுவார்கள். இன்னும் பெரிய பொறி, சில பெயர்களை லத்தீனுக்கே மாற்றிவிடுவது. ராயப்பனைத் தேடினால் கிடைக்கமாட்டான், பேத்ருஸைத் தேட வேண்டும். சின்னப்பன் பௌலுஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் புத்தகம் பேச ஆரம்பித்தது. லத்தீன் பயமுறுத்தும், ஆனால் தேவைப்படுவது பத்துச் சொல்தான். "செபுல்துஸ்" என்றால் அடக்கம் செய்யப்பட்டவன், "செபுல்தா" என்றால் செய்யப்பட்டவள். "ஃபிலியுஸ்" மகன், "ஃபிலியா" மகள், "உக்ஸோர்" மனைவி.

1876 நடுப்பகுதி வரை அடக்கப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் அடங்குகிறது. டிசம்பரில் ஒரு வாரத்துக்கே ஒரு பக்கம். எழுத்தும் மாறுகிறது, வரிசையாக, நிதானமாக எழுதிய கை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து கிறுக்கலாகிறது. சில வரிகளில் பெயரே இல்லை, "ஒரு குழந்தை" என்று மட்டும். சனவரி 24இல் அவள். செபுல்தா. உக்ஸோர், அடுத்து எள்ளுத்தாத்தா பெயர் லத்தீன் வேஷத்தில். வயது 28. மேலே இரண்டு வரி தள்ளி, அதே வாரத்தில், அதே தகப்பன் பெயரோடு ஒரு ஃபிலியா, வயது இரண்டு.

அந்தப் பெண் குழந்தையைப் பற்றி எந்தக் கட்சியிடமும் கதை இல்லை.

1871 ஞானஸ்நானப் புத்தகத்தில் என் கொள்ளுத்தாத்தா கிடைத்தார். தாய் பெயர், கல்லின் மூன்றாவது வரியில் உள்ள அதே பெயர். ஆக நாங்கள் எல்லாரும் அவள் வழிதான். எள்ளுத்தாத்தாவின் அடக்கத்தை 1910 வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இல்லை. அத்தையின் கட்சிக்குப் பலம் கூடியது. பஞ்சத்தில் ஆயிரக்கணக்கில் ராமேசுவரம், மன்னார் வழியாக இலங்கையின் மாத்தளைக்கு நடந்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். ஒரு திருத்தம்: 1877இல் கண்டிச்சீமையில் ஆள் கேட்டது முக்கியமாகக் காப்பித் தோட்டங்கள். தேயிலை அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. அத்தையிடம் சொன்னேன். "காப்பியோ தேயிலையோ, போனாருல்ல?" என்றார்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. பஞ்சம் நடக்கும்போது, ஒரே வாரத்தில் மனைவியையும் மகளையும் மண்ணில் வைத்தவன், கருங்கல் பலகைக்கும் கல்தச்சருக்கும் எங்கே போவான்? செங்கல் கட்டி, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுக் கட்டிய சமாதி அது. அன்றைக்குக் கட்டியதாக இருக்காது. பிறகு கையில் கொஞ்சம் காசோடு யாரோ வந்து கட்டியிருக்க வேண்டும். அவரே வந்தாரா? பணம் மட்டும் அனுப்பினாரா? வளர்ந்த மகன் வைத்த கல்லா? இதற்குப் பதில் இருந்தால் அது கடைசி வரியில்தான் இருக்கும்.

அந்த வரியின் மண்டைகளை மட்டும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் மேல்பாதியை வைத்து என்ன சொல்ல முடியும்? முதல் எழுத்து க ஆகவும் இருக்கலாம், த ஆகவும் இருக்கலாம். நடுவில் இகரச் சுழி ஒன்று. கண்டி என்று படிக்க மனசு துடிக்கிறது. ஜெயங்கொண்டத்துக்கு அப்புறம் என் மனசை நான் நம்புவதில்லை.

சிமெண்டை உளி வைத்து உடைத்தால் கல்லின் அடி பிளந்துவிடும் என்கிறார் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பழைய கொத்தனார். ஓரத்தில் சிறு துளைகளாகப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி எடுத்து, பிறகு சுண்ணாம்புக் காரையால் மூட வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றார். சமாதி பெரியப்பா பெயரில் இருக்கிறது, அவர் சம்மதம் வேண்டும். அவர் கட்டிய சிமெண்டை உடைக்க அவரிடமே போய் எப்படிக் கேட்பது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன செவ்வாய் காலையில் அவரே போன் பண்ணினார். கல்லறைத் தோட்டத்தில் நின்று பேசுகிறார் போல, காற்றுச் சத்தம். "இந்தப் பெயிண்ட இன்னொரு வரிக்கும் அடிக்கணும்ல? அந்தம்மா பேரு எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு சொன்ன?" சொன்னேன். கொஞ்சம் நேரம் சத்தமில்லை. "சரி, பெயிண்ட் கெடக்கட்டும். அந்தக் கொத்தனாரு எப்ப வர்றாராம்?"